தீர்ந்த கடனும் தீராத ஏடும்

தமிழிலே 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத ஒழுக்கத்தையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் வந்து தங்கியது தற்செயலன்று. காசு கைமாறும் சமுதாயத்தில் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பவன் நாணயஸ்தன். கொடுக்க இயலாதவன் நாணயங் கெட்டவன். ஏன் கொடுக்க இயலவில்லை என்ற வினாவுக்கு அச்சொல்லிலே இடமில்லை. முன்னாளில் இத்தீர்ப்பைக் கடைக்காரரும் வட்டிக்காரரும் வாயாற் கூறினர். இன்று அதனை எண்ணாலும் எழுத்தாலும் வழங்குவதற்கென்றே நிறுவனங்கள் தோன்றிவிட்டன. அவை வழங்கும் ஏட்டுக்குக் 'கடன் அறிக்கை' என்று பெயர். இலங்கையில் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கடன் தகவல் பணியகம் அமைந்தது. தெற்காசியாவிலே இத்தகைய முதல் நிறுவனம் அதுவே என்பர். மக்கள் அதனைக் 'கிரிப்' என்கின்றனர். தமிழ்நாட்டிலே 'சிபில்' என்ற சொல் பாமரர் வாயிலும் புழங்குகிறது.

இந்த ஏட்டின் பல கூறுகளுள் ஒன்றை மட்டும் இங்கு ஆராய விரும்புகிறேன். நோயின் பொருட்டுப் பட்ட கடன், அதுவும் முற்றாகத் தீர்க்கப்பட்ட பின்னர், ஒருவரது பெயரின் மீது எவ்வளவு காலம் நிழலாக நிற்கலாம்? நிற்கவைப்பதற்கு யாருக்கு உரிமை?

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த நாடு அமெரிக்கா. அங்கே வைத்தியசாலைக் கட்டணத்தைச் செலுத்தாதவரின் கணக்கு, கடன் வசூலிக்கும் கொம்பனிகளின் கைக்கு மாறும். சில வேளைகளில் கடன் முழுவதுமே அற்ப விலைக்கு விற்கப்படும். வாங்கிய கொம்பனி அதனை ஈக்குவிஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்னும் மூன்று நிறுவனங்களுக்கும் அறிவிக்கும். 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதகமான குறிப்பு ஏழாண்டு வரை நிற்கலாம். இதிலே வியப்பு என்னவெனில், 2022 வரை பணத்தைக் கட்டியபின்னரும் குறிப்பு அழிந்ததில்லை. 'கட்டப்பட்டது' என்ற ஒரு சொல் பக்கத்தில் ஏறிற்று, அவ்வளவே. வீட்டுக் கடன் கேட்டுச் சென்றவனுக்கு அச்சொல் உதவியதா? பழைய மதிப்பெண் முறைகள் கட்டிய கடனையும் கட்டாத கடனையும் ஏறத்தாழ ஒரே தராசிலே நிறுத்தன. 2014 இல் வந்த புதிய முறையொன்று கட்டிய கடனைக் கணக்கில் எடாது விட்டது. ஆயினும் கடன் கொடுப்போர் பலர் பழைய முறையையே கைவிடாது வைத்திருந்தனர்.

அதே 2014 இல், அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. வைத்தியக் கடன் பட்டவர்களை, குறிப்பாக அதைத் தீர்த்தவர்களை, மதிப்பெண் முறை உண்மைக்கு மாறாகத் தாழ்த்துகிறது என்பது அதன் முடிவு. அதாவது, நாணயத்தை அளக்கும் கோல் தன் சொந்த அளவையிலேயே பிழைபட்டது. காரணம் விளங்காததன்று. நோயைத் தேர்ந்தெடுத்து வாங்குபவர் எவருமில்லை. விலை கேட்டுப் பேரம் பேசி மயக்க மருந்து ஏற்றிக்கொள்பவர் எவருமில்லை. காப்புறுதிக் கொம்பனி தாமதித்தாலும், வைத்தியசாலைக் கணக்கில் தவறு நேர்ந்தாலும், பழி நோயாளியின் பெயரிலேயே விழுகிறது. 2022 மார்ச்சில் அவ்வலுவலகம் மீண்டும் எழுதிய அறிக்கை, 4 கோடியே 30 இலட்சம் பேருடைய அறிக்கைகளில் வைத்திய வசூல் குறிப்புகள் இருந்தன என்றும், அவற்றின் தொகை 8,800 கோடி டொலர் என்றும் கூறிற்று. அதே மாதத்தில் மூன்று நிறுவனங்களும் இறங்கிவந்தன. 2022 ஜூலை 1 முதல், தீர்க்கப்பட்ட வைத்தியக் கடன் அறிக்கையிலிருந்து அறவே நீக்கப்படும் என்றன. தீராத கடனையும் ஓராண்டு கழியும்வரை ஏற்றுவதில்லை என்றன. 2023 இல் 500 டொலருக்குக் குறைந்தவற்றையும் நீக்கின. எஞ்சியவை அனைத்தையும் நீக்கும் அரசாங்க விதியொன்று 2025 ஜனவரியில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் டெக்சாஸ் மாநிலத்துக் கூட்டரசு நீதிமன்றம் அதனைச் செல்லாதெனத் தள்ளிற்று. முன்வந்து விட்டுக்கொடுத்தது நிலைத்தது. சட்டத்தால் வாங்க முயன்றது நிலைக்கவில்லை. தனியுடைமை தன் தாராளத்தின் எல்லையைத் தானே வரைந்துகொள்ளும் விதம் இது.

யட்டியாந்தோட்டையிலே ஆசிரியத் தொழில் புரியும் நண்பர் ஒருவர், "இது வாஷிங்டன் சங்கதி, கரவனல்லை வைத்தியசாலையில் படுக்கைக்கு யாரும் பில் எழுதுவதில்லையே, நமக்கென்ன?" என்று வினவலாம். வினா நியாயமானதே. ஆயின் கடன் ஏட்டின் வரலாற்றை எழுதுபவர்கள் அமெரிக்காவிலிருந்து தொடங்கத் தேவையில்லை. களனிப் பள்ளத்தாக்கின் தோட்டங்களிலிருந்தே தொடங்கலாம். அங்கே நூறாண்டுக்கு முன் ஒரு கடன் அறிக்கை இருந்தது. அதற்குத் 'துண்டு' என்று பெயர்.

துண்டு என்பது துரை கையொப்பமிட்ட ஒரு சிறு கடதாசி. இன்ன கங்காணியையும் அவன் கீழுள்ள இத்தனை ஆட்களையும், அவர்கள் பட்ட இவ்வளவு ரூபாவும் இத்தனை நாளுக்குள் செலுத்தப்படின், விடுவிக்கத் தோட்டம் சம்மதிக்கும் என்பதே அதன் சாரம். அதனைக் கையில் ஏந்திக் கங்காணி அடுத்த தோட்டத்துக்குச் செல்வான். ஆள் தேவைப்பட்ட துரை பழைய தோட்டத்துக்குப் பணத்தைச் செலுத்தி ஆட்களை ஏற்பான். இங்கேதான் வாசகர் நின்று நோக்கவேண்டும். பழைய தோட்டத்தின் கடன் முற்றாகத் தீர்ந்தது. ஆனால் தொழிலாளியின் கடன் தீரவில்லை. அது புதிய தோட்டத்தின் ஏட்டில், கங்காணியின் புதிய முற்பணமும் சேர்ந்து கனத்தபடி, மறுபடி எழுதப்பட்டது. கடனை விற்று வாங்கும் அமெரிக்க வசூல் கொம்பனியின் உபாயம் முழுவதும் இத்துண்டிலே முளைவிட்டிருந்தது. வேறுபாடு ஒன்றுண்டு: அமெரிக்காவில் கடன் மட்டும் விற்கப்படுகிறது, இங்கே கடனோடு ஆளும் கைமாறினான்.

அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருந்தன? ஊரிலே கொடுத்த முற்பணம், வழிச்செலவு, சோறு, கம்பளி என அடுக்கிப் போகலாம். நோயும் அதற்குள் இருந்தது. 1901 ஆம் ஆண்டளவில் 'தகரச் சீட்டு' முறை வந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத்தைத் தொழிலாளியின் கழுத்தில் மாட்டி அனுப்பினர். கொள்ளைநோய் அச்சத்தால் நிறுவப்பட்ட தடுப்பு முகாம்களில், இராகமையிலும் பின்னர் மண்டபத்திலும், அவர்களை நிறுத்திவைத்தனர். வழிச்செலவு தோட்டத்தின் பெயரில் ஏறி, தோட்டத்தின் வழியே கங்காணியின் கணக்குக்கு வந்து, அங்கிருந்து தொழிலாளியின் தலையில் இறங்கிற்று. தீவிலுள்ளோரை நோயினின்று காக்கும் ஏற்பாட்டின் சுமையை, அந்நோயே இல்லாத கூலிக்காரன் சுமந்தான்.

இதற்கு முன்னரே, 1872 இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கான கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன் பின்வந்த பத்தாண்டுகளிலே துரைமாருக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த வழக்கெல்லாம் ஒரே வழக்குத்தான்: செலவு யாருடையது? நிலத்தின் மீதா வரி, ஏற்றுமதியின் மீதா வரி என்று அவர்கள் சளைக்காமல் வாதிட்டனர். சிகிச்சை யாருக்குக் கிடைத்தது என்ற வினாவிலே அத்தகைய உற்சாகம் காணப்படவில்லை.

துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதை 1923 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தடுத்தது. இவை மெய்யான வெற்றிகள். ஆயினும் ஏடு வேறு வடிவெடுத்தது. 'பற்றுச்சீட்டு' இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. பற்றுச்சீட்டு கொடுத்தல் என்பதே வெளியேற்றுதலுக்கு மறுபெயராயிற்று. வரவு, பற்று என்னும் கணக்கு மொழி மனித வாழ்விலே இவ்வளவு ஆழமாக வேர்விட்ட இடம் மலையகத்தைப் போல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றல்லவா பெயர்! மழை வந்தாலோ உடல் சோர்ந்தாலோ 'அரைப்பேர்'. செக்ரோலில் பேர் விழாத நாளில் மனிதனுக்குப் பேரே இல்லை.

யட்டியாந்தோட்டைக்கு இவ்வரலாற்றில் தனித்த இடமுண்டு. 1934–35 ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோய் தீவெங்கும் பல்லாயிரவரை வாரிச்சென்றபோது, மிகக் கொடிய அடி கேகாலை மாவட்டத்தின் மீது விழுந்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து இக்கிராமங்களுக்கு வந்தனர். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா 1936 இல் ருவன்வல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1960 முதல் 1977 வரை யட்டியாந்தோட்டையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் இருந்தார். இலங்கை இடதுசாரி இயக்கத்தின் ஒரு வேர், நோயாளியின் பாயருகே ஊன்றியது எனின் மிகையன்று.

அரசாங்க வைத்தியசாலைகளில் 1951 இல் கட்டணம் நீங்கிற்று. இருபதாண்டு கழித்து, 1971 இல், வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்தது. அப்போது நிதியமைச்சர் யார்? யட்டியாந்தோட்டையின் பிரதிநிதியேதான். அந்தக் கட்டணம் 1977 இல் நீக்கப்பட்டது. நீக்கியது இடதுசாரிகளைத் தோற்கடித்து வந்த அரசாங்கம். இச்செய்தியை நம்மவர்கள் பெரும்பாலும் மெல்லிய குரலிலேயே பேசுவர். நான் அதனை உரக்கக் கூறுவதற்குக் காரணமுண்டு. 25 சதம் சிறு தொகை என்று வாதிடுவது எளிது. ஆனால் வாசலிலே கட்டணம் என்றவுடன், நோயாளி என்பவன் கொடுக்கவேண்டியவன் ஆகிறான். கொடுக்கவேண்டியவன் என்றதும் கொடுக்காதவன் என்ற இனம் பிறக்கிறது. மலேரியாக் காலத்து யட்டியாந்தோட்டையில் யாரும் யாரையும் அவ்வாறு வகுக்கவில்லை. தோட்டத்து மக்களோ இக்கணக்குக்கும் அப்பால் நிறுத்தப்பட்டிருந்தனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அவர்களுடைய ஆஸ்பத்திரிகளும் டிஸ்பென்சரிகளும் அரசாங்க அமைப்புக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கையில், நெடுங்காலம் இருந்தன. (இரண்டு சட்டங்களுக்கும் 18 என்ற இலக்கமே வாய்த்தது வெறும் தற்செயல்; ஒன்று பேரை நீக்கியது, மற்றது பேரைக் குறித்துக்கொண்டது.)

இனி இன்றைய நிலை. படுக்கைக்குப் பில் இல்லை என்பது உண்மை. ஆனால் இலவச வைத்தியத்தைச் சென்றடைவது இலவசமன்று. மேட்டு லயத்திலிருந்து முச்சக்கர வண்டி. வைத்தியசாலையில் இல்லாத மருந்துக்குத் தனியார் மருந்துக்கடை (2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் இது நாடு முழுவதன் அனுபவமாயிற்று). விரைவாகத் தேவைப்படும் ஸ்கேனுக்குத் தனியார் நிலையம். நோயாளியோடு நிற்பவருக்குப் போகும் பேர். இப்பிரதேசத்தில் இறப்பர் மிகுதி. மழைநாளில் பால் வெட்ட முடியாது. நாட்டின் மழை மிக்க பகுதிகளில் யட்டியாந்தோட்டை ஒன்று. வருமானம் குறையும் அதே மாதத்திலேயே காய்ச்சலும் வருகிறது. தேயிலை, இறப்பர் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்வதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024 இல் அது 1,350 ஆயிற்று. ஒரு ஸ்கேன் எத்தனை பேரை விழுங்கும் என்பதை வாசகரே கணக்கிடலாம்.

அப்போது கை நீள்வது தோடு, சங்கிலி நோக்கி. அடகுக் கடைக்குப் பின் சீட்டு. சீட்டுக்குப் பின் கடைக்காரரின் கொப்பி. எல்லாவற்றுக்கும் பின், பெண்களைக் குழுவாக்கிக் கொடுக்கும் நுண்கடன். இந்நுண்கடனின் கொடுமையை இந்நாடு அறியாததன்று. 2021 இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தனர். தோட்டத்துப் பெண் கடன் வாங்கியது அன்னையின் சத்திர சிகிச்சைக்கு என்றால், அது வைத்தியக் கடனன்றி வேறென்ன? ஆனால் ஏட்டிலே அது அப்படித் தெரிவதில்லை. வைத்தியசாலை கடன் கொடுப்பதில்லை, ஆகவே அது பணியகத்துக்கு எதையும் அறிவிப்பதுமில்லை. அறிவிப்பவை வங்கிகளும் நிதிக் கொம்பனிகளுமே. அவற்றின் பதிவில் கடனின் வகையும் தொகையும் நிலுவையும் தவணை தவறிய காலமும் தெரியும். பிள்ளையின் காய்ச்சல் தெரியாது. அமெரிக்கன் தன் ஏட்டிலுள்ள கறையைச் சுட்டி, 'இது நோயினால் வந்தது, நீக்கு' என்று வாதிடவாவது முடிந்தது. நம்முடைய ஏட்டிலே நோய்க்குப் பெயரே இல்லை. பெயரில்லாததை எப்படி நீக்கச் சொல்வது?

பணியகத்தின் தரப்பிலும் ஒரு நியாயமுண்டு, அதனை மறைப்பது நேர்மையாகாது. இது கருப்புப் பட்டியலன்று. ஒழுங்காகக் கட்டியவர்களின் செய்தியும் இதில் உண்டு. நிலமோ பிணையோ இல்லாதவனுக்கு நல்ல பதிவே பிணையாகும் என்று கூறுவர். கோட்பாட்டளவில் சரி. காணி உறுதி இல்லாத லயத்து மனிதனுக்கு இது பெருவழியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவன் மனைவி பத்தாண்டாகத் தவறாது கட்டிய சீட்டு எந்த ஏட்டில் ஏறுகிறது? சம்பள நாளன்று கடைக்கொப்பியைத் தீர்த்துவிட்டே வீடு திரும்பும் நாணயம் எங்கே பதிவாகிறது? ஏழையின் ஒழுங்கு, பதிவுக்கு வெளியே நடக்கிறது. அவனுடைய தவறு மட்டும் பதிவுக்குள் நடக்கிறது. இந்த ஓரக்கண் பார்வையைத்தான் நடுநிலையான தகவல் என்கின்றனர்.

நம் இலக்கியம் இதனை எவ்வளவு கண்டிருக்கிறது? புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தொடங்கி, கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', நந்தியின் 'மலைக்கொழுந்து' எனத் தேயிலைக் காட்டு எழுத்துக்கு நீண்ட பரம்பரையுண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்கள் வேறு இருக்கின்றன. இவர்களுடைய தொண்டை நான் குறைத்து மதிப்பவனல்லன். இருப்பினும் மலையக எழுத்தை மொத்தமாக நோக்குமிடத்து, கங்காணியின் தடி தெரிந்த அளவுக்குக் கங்காணியின் கணக்கு தெரியவில்லை என்றே கூறுவேன். துரையின் காமம், கணக்கப்பிள்ளையின் வசை, கூரை ஒழுகும் லயம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் கொடுமைகள். அவற்றைச் சித்திரிக்கும்போது வாசகரின் கோபம் எளிதில் மூளும். ஏட்டில் ஒரு வரி செய்யும் கொடுமை அவ்வாறு சித்திரிக்கப்பட எளிதில் இடங்கொடுப்பதில்லை. அங்கே அடிப்பவன் இல்லை. எதிரே இருப்பவன் கணினித் திரையைப் பார்த்து, 'மன்னிக்கவும், உங்கள் கிரிப் சரியில்லை' என்று மரியாதையாகச் சொல்லும் ஓர் இளம் உத்தியோகத்தன். அவன் நம்மூர்த் தோட்டத்திலேயே பிறந்தவனாகவும் இருக்கலாம். யதார்த்தவாதம் என்று நாம் போற்றுவது கண்ணுக்குத் தெரிவதை எழுதுவதோடு நின்றுவிட்டால், இந்தக் கட்டத்தைத் தாண்டாது. நந்தி வைத்தியர், தி. ஞானசேகரன் தோட்ட வைத்தியராகவே பணிபுரிந்தவர். நோயாளியை எழுத இவர்களினும் தகுந்தோர் இல்லை. நோய் குணமாகி வீடு திரும்பிய பின், கடனாளியாக அவன் வாழும் இரண்டாவது நோய்க்காலத்தை எழுதும் பணி இளைய தலைமுறைக்கு எஞ்சியிருக்கிறது.

எழுதப்படும்வரை செய்யத்தக்கவையும் சில உண்டு. ஆசிரியர்களும் மாணவர்களும் இவற்றைத் தோட்டத்திலே எடுத்துரைத்தல் பயன் தரும். எவரும் தம்முடைய அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறலாம்; தவறிருப்பின் கடன் கொடுத்த நிறுவனத்தின் வழியே திருத்தக் கோரலாம். கடைசித் தவணை கட்டியதும் பற்றுச்சீட்டோடு நின்றுவிடாமல், கடன் முற்றாகத் தீர்ந்தது என்னும் கடிதத்தைக் கையொப்பத்தோடு கேட்டு வாங்கவேண்டும். இந்தியாவிலுள்ள உறவினர்க்கு இன்னொன்று: அங்குள்ள அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்பதும் 'தீர்வு காணப்பட்டது' என்பதும் ஒன்றல்ல. முன்னது முழுத் தொகையும் கட்டியதைக் குறிக்கும். பின்னது குறைத்துப் பேசிக் கட்டியதைக் குறிக்கும், அது கறையாகவே கருதப்படும். வைத்தியசாலைச் செலவால் நொந்தவனிடம் வங்கி முகவர் 'பாதியைக் கட்டு, விட்டுவிடுகிறோம்' என்று இனிமையாகப் பேசும்போது இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை. தவறான பதிவு குறித்து முறையிட்டு முப்பது நாளுள் திருத்தம் நிகழாவிடின், நாளொன்றுக்கு 100 ரூபாய் நட்டஈடு தரவேண்டுமென்று இந்திய ரிசர்வ் வங்கி 2023 இல் விதித்தது. இத்தகைய விதியை இலங்கையிலும் கோரலாம். தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி இடமிருக்கும். அதனினும் முக்கியமாக, வைத்தியத் தேவைக்கெனச் சான்றுடன் பெற்ற சிறு கடனைத் தனி வகையாகப் பதிவதும், தீர்ந்த அன்றே அதன் குறிப்பை அகற்றுவதும் கோரப்படவேண்டும். மூன்று பெருங் கொம்பனிகள் 2022 இல் தம் ஏட்டிலிருந்து ஒரே தேதியில் அழிக்க முடிந்ததை, ஒரே ஒரு பணியகம் உள்ள சிறு தீவிலே அழிக்க முடியாது என்று எவரும் வாதிட இயலாது.

லயத்து வீடுகளிலே இரும்புப் பெட்டியிலோ பிஸ்கட் டின்னிலோ கடதாசிகளைப் பத்திரப்படுத்தும் வழக்கம் இன்றும் உண்டு. பாட்டன் காலத்துப் பிரஜாவுரிமை மனு, பழைய பற்றுச்சீட்டு, பிள்ளையின் கிளினிக் கொப்பி, அடகு மீட்ட ரசீது ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே கிடக்கின்றன. அவற்றுள் எதையும் வங்கி உத்தியோகத்தன் கேட்பதில்லை.